நோட்டை ஸ்கேன் செய்தால் கணக்கு சரியாகிவிடாது

இந்த மாதம் இன்னொரு சுய உதவிக் குழு. கல்லூரி முகாமில் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றியாயிற்று என்று பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். கடனுக்குப் போனால் பேங்கில் கேட்பது கையெழுத்துள்ள தீர்மானப் புத்தகத்தை!

ஸ்கேன் என்பது படம், அவ்வளவுதான். ரொக்கப் புத்தகத்தில் விட்டுப்போன தேதி படத்திலும் விட்டுத்தான் இருக்கும். எக்செல் கூட்டலைச் சரியாகப் போடும். வசூலான பணம் பேங்கில் கட்டப்பட்டதா என்று அதற்குத் தெரியாது. அசலையும் வட்டியையும் ஒரே கட்டத்தில் எழுதிய கடன் பேரேட்டை எந்தக் கம்ப்யூட்டராலும் பிரிக்க முடியாது.

கல்லூரியின் உதவி வேண்டும்தான். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி இருக்கிறது. ஏழு நாள் முகாமோடு விட்டுவிடாமல், மாதக் கூட்டத்துக்கு வணிகவியல் மாணவிகள் இரண்டு பேரைக் கேளுங்கள். பேனாவை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். மூன்று வருடத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். எழுதப் பழக வேண்டியது உங்கள் குழுவில் ஒருவர்.

மாணவியின் வேலை சரிபார்ப்பு. பெட்டிப் பணத்தை எல்லோர் முன்னிலையிலும் எண்ண வேண்டும். புத்தகத்தில் 4,350, பெட்டியில் 4,150 என்றால், அந்த 200 ஆட்டோவுக்குப் போனதா? அன்றைக்கே வவுச்சர், வாங்கியவர் கையெழுத்தோடு. பிறகு பேங்க் பாஸ்புக்கை ரொக்கப் புத்தகத்தோடும், உறுப்பினர் பாஸ்புக்கைக் கடன் பேரேட்டோடும் ஒப்பிட வேண்டும். பேங்க் பிடித்த கட்டணம் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும்.

வெள்ளை மை வேண்டவே வேண்டாம். தப்பை ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் சேர்த்து வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குகிறவர்களை என்ன சொல்ல?

ஊர் சமுதாயப் பெட்டியில் நம் குமரி மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தைய திருவிதாங்கூர்க் காலத்துக் கணக்கு இருந்தால், வரலாற்றுத் துறையைக் கூப்பிடுங்கள். சில மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். சிங்கம் (நம் ஆவணி) மாதம் முதல் டிசம்பர் வரை 824, அதன்பின் 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. சக்கரம் என்பது அக்காலத்துக் காசு; 28 சக்கரம் சேர்ந்தது ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். நமக்கு ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். தரையிலும் சுவரோரமும் வைத்தால் ஈரமும் கரையானும் விடாது. கல்லூரிக்குக் கொடுப்பதானால், பக்க எண்ணிக்கையோடு பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன்: யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்ற பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். மாணவிகளிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.