எச்1பி விசாவில் இருந்துகொண்டு வீட்டில் துப்பாக்கி ரிசீவர் செய்வது பற்றி

அமெரிக்காவில் குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் நான். நம் ஆட்களிடமிருந்து அவ்வப்போது இப்படி ஒரு கேள்வி வரும்: "சார், ஏகே-47 ரகத் துப்பாக்கிக்கான ஃபிளாட் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். இது துப்பாக்கியே இல்லைன்னுதான் போட்டிருந்தது. ஒண்ணும் பிரச்சினை வராதே?" கேட்பவர் பெரும்பாலும் மெக்கானிக்கல் படித்தவர், கராஜில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அதனால்தான் எனக்குப் பதற்றமே வருகிறது.

ஃபிளாட் என்பது பார்வைக்கு ஒன்றுமே இல்லை. மடிக்காத ஸ்வீட் பாக்ஸ் அட்டை மாதிரி ஒரு இரும்புத் தகடு, அவ்வளவுதான். ஆனால் அதை மடித்து முடித்தால் வருவது ரிசீவர், அதாவது துப்பாக்கியின் மற்ற பாகங்கள் எல்லாம் பொருந்தும் நடு உடல். 1968-ஆம் வருடத்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ரிசீவர் மட்டும் தனியாக இருந்தாலே அது துப்பாக்கி. குழல் வேண்டாம், கட்டை வேண்டாம், ஒரு குண்டுகூட வேண்டாம். சரி, முடிக்காத தகடு? துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப்-இன், 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதி இதை உதாரணத்தோடு சொல்கிறது. வெட்டோ அடையாளமோ இல்லாத, ஜிக்கோ (தகட்டைச் சரியாகப் பிடித்து வேலை செய்ய உதவும் அச்சு) டெம்ப்ளேட்டோ செய்முறைக் குறிப்போ கூட இல்லாத வெறும் ஏகே ஃபிளாட் ரிசீவர் ஆகாது. அந்த 'இல்லாத' எல்லாவற்றையும் இன்னொரு தடவை படியுங்கள். தகடு ஒரு கடையிலும் ஜிக் இன்னொரு கடையிலும் வாங்கினேன் என்பதெல்லாம் பெரிதாகக் கைகொடுக்காது, இரண்டும் கடைசியில் உங்கள் அலமாரியில் ஒன்றாகத்தானே இருக்கின்றன! இந்த விதியை எதிர்த்துப் போன வழக்கிலும் 2025 மார்ச் 26-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் விதியை நிலைநிறுத்திவிட்டது.

அமெரிக்கக் குடிமகன் தன் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் துப்பாக்கி செய்துகொள்ள ஃபெடரல் சட்டம் பொதுவாக இடம் தருகிறது. இணையத்தில் பார்க்கிற வீடியோக்கள் எல்லாம் அவர்களுக்கானவை. அதில் பேசுகிறவர் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள்.

ஃபெடரல் குற்றவியல் சட்டத்தின் 922-ஆம் பிரிவு, நான்இம்மிக்ரன்ட் விசாவில், அதாவது நிரந்தரக் குடியேற்றம் அல்லாத தற்காலிக விசாவில், உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே குற்றம் என்கிறது. வாங்குவதும் சுடுவதும் மட்டும் இல்லை, வைத்திருப்பதே. எச்1பி, எச்4, எல்1, எஃப்1 எல்லாம் இதற்குள் வரும். இங்கேதான் நம்மவர்கள் மனசு ஒப்புக்கொள்ள மறுக்கிறது. வந்து பதினைந்து வருடம் ஆகியிருக்கும், வீடு வாங்கியாயிற்று, வரி ஒழுங்காகக் கட்டியாயிற்று, பிள்ளைகள் இங்கேயே பிறந்த குடிமக்கள், கிரீன் கார்டு மனு எப்போதோ ஒப்புதலாகி இந்தியர்களுக்கான அந்த முடிவே தெரியாத வரிசையில் நிற்கிறது. இவ்வளவுக்கும் பிறகு 'நான் என்ன டூரிஸ்டா?' என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் கார்டு கைக்கு வரும்வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் நான்இம்மிக்ரன்ட். 2022-இல் தண்டனையையும் பத்து வருடத்திலிருந்து அதிகபட்சம் பதினைந்து வருடமாக உயர்த்திவிட்டார்கள்.

கையில் எடுத்தாலே போதும் என்பதற்கு ரெஹைஃப் வழக்கைச் சொல்வேன். மாணவர் விசாவில் வந்து, படிப்பிலிருந்து நீக்கப்பட்டு, அந்தஸ்து போன பிறகும் ஃபுளோரிடாவில் தங்கியிருந்தவர் அவர். துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டதற்கு வழக்கு. 2019-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது உண்மை, ஆனால் எதற்காக? தன் அந்தஸ்து இன்னதென்று அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்பதற்காக. எச்1பி-யில் இருக்கிறவருக்குத் தான் எச்1பி என்று தெரியாமல் போகுமா?

ஹன்டிங் லைசென்ஸ் எடுத்தால் விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்டு. அது காலாவதியான மறுநாளே விலக்கும் போய்விடும், தகடு மட்டும் கராஜிலேயே இருக்கும். தவிர, அந்த விலக்கு மாநிலச் சட்டத்தைத் தடுக்காது. கலிஃபோர்னியாவில் வீட்டில் செய்வதற்கு முன்பே மாநில நீதித்துறையிடம் சீரியல் நம்பர் வாங்க வேண்டும், நியூ ஜெர்சியில் 2018-லிருந்தே இப்படிப்பட்ட பாகங்களை வாங்குவதற்குத் தடை. டெக்சாஸில் இருக்கும்போது வாங்கிவிட்டு வேலை மாறி நியூ ஜெர்சியின் எடிசனுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டது, இனி பயமில்லை என்பவர்களுக்கும் ஒன்று. ஏகே பாகங்கள் பெரும்பாலும் ருமேனியா, போலந்து மாதிரி நாடுகளிலிருந்து பிரித்து வருபவை. இறக்குமதிப் பாகங்களை வைத்து இந்த ரகத் துப்பாக்கியைக் கோக்கும்போது, பட்டியலில் இருக்கும் இருபது பாகங்களில் பத்துக்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக்கூடாது. இதை மீறுவது குடியேற்றச் சட்டத்தில் 'அக்ரவேட்டட் ஃபெலனி' என்ற மிகக் கடுமையான குற்றங்களின் பட்டியலிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் விழுந்தால் குடும்பம், பிள்ளைகள், இத்தனை வருட வாழ்க்கை என்று நீதிபதியிடம் கருணை கேட்கும் வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். அது போக, துப்பாக்கிச் சட்டம் எதை மீறித் தண்டனை பெற்றாலும் நாடு கடத்தலாம் என்று தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது.

அரசு ஏன் ஒரு தகட்டுக்கு இவ்வளவு கெடுபிடி செய்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2017 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ டெஹாமாவில் மனைவி உட்பட ஐந்து பேரைக் கொன்றவன், துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்த ஆள். அவன் பயன்படுத்திய ரைஃபிள்கள் வீட்டில் செய்தவை. அப்படியொருவனுக்காக எழுதிய சட்டத்துக்குள்தான் நம் பொழுதுபோக்கு மெக்கானிக்கும் போய் மாட்டிக்கொள்கிறார்.

ஏற்கெனவே பார்சல் வந்துவிட்டதா? வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடாதீர்கள். பயந்துபோய் வெட்டிப் போடுவது, நண்பருக்குக் கூரியர் அனுப்புவது எதுவும் வேண்டாம், அதுவே புதிய குற்றமாகலாம். குற்றவியலும் குடியேற்றமும் தெரிந்த வக்கீலிடம் முதலில் பேசுங்கள், ஆலோசனைக்காக அவரிடம் சொல்வது வெளியே போகாது. ஒருவேளை வழக்கே வந்து, "ஜெயில் கிடையாது, ப்ரொபேஷன்தான், கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே போடாதீர்கள். 2010-இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை. அந்தப் பதிலை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பேனாவை எடுங்கள்.