மூட்டைக் கணக்கு மட்டும் பத்தாது

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வெள்ளாம எப்பிடின்னு கேட்டா ஏக்கருக்கு இத்தன மூட்டைன்னு தான் பதில் வரும், ஆனா அந்த மூட்டைக்காக நம்ம செம்மண்ணுல இருந்து என்ன போச்சு, போர்ல தண்ணி எத்தன அடி கீழ எறங்குச்சுங்கிறது அந்தக் கணக்குல வராது. அதையும் சேத்து அளந்தா தான் இந்த வெவசாயம் நம்ம புள்ளைக காலம் வரைக்கும் நிக்குமான்னு தெரியும்.

இதுக்கு ஐ.நா. வளர்ச்சி இலக்குகள்ல 2.4.1னு ஒரு அளவு இருக்கு. வருமானம், மண்ணு, தண்ணி, உரம், பூச்சிமருந்து, கூலி, நில உரிமை இந்த மாதிரி மொத்தம் 11 விசயத்தப் பாத்து ஒவ்வொண்ணுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு போடுவாங்க. இதுல சராசரி எடுக்கிறதே இல்ல, நாட்டு அளவுல எது ரொம்ப மோசமோ அது தான் ரிசல்ட்டு. எனக்கு இது தான் நியாயமா படுது, ஏன்னா வருமானம் பச்சையா இருந்து போர் வத்திட்டா அடுத்த போகத்துக்கு அந்த வருமானம் எங்க இருந்து வரும்?

மண்ண எடுத்துக்குவோம். முக்கியமா பாக்குறது அங்கக கார்பன், அதாவது மக்குன எலை, சாணம், வேர் இதுல இருக்குற கார்பன். நம்ம ஊரு வெயிலுக்கு மக்கு வேகமா செதைஞ்சு கார்பன் டை ஆக்சைடா காத்துல போயிருது, அதான் செம்மண்ணுல இது எப்பவும் கம்மி. லேப்ல மண்ணோட பொட்டாசியம் டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் சேப்பாங்க, கார்பன் கூட இருக்க இருக்க ஆரஞ்சு கலரு பச்சைக்கு மாறும், அத வச்சு தான் கணக்கு. 0.5 சதவீதத்துக்குக் கீழன்னா கொறைவு, 0.75க்கு மேலன்னா நல்லாருக்குன்னு அர்த்தம்.

ஆனா சாம்பிள் தப்பா எடுத்தா எந்த லேபும் ஒண்ணும் பண்ண முடியாது. வரப்போரம், மரத்தடி, எருக்குமி பக்கமெல்லாம் எடுக்காம, வயல்ல பத்துப் பதினஞ்சு எடத்துல மம்பட்டியால வி மாதிரி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் ஓரத்த சீவி எடுத்து, எல்லாத்தையும் கலந்து நாலாப் பிரிச்சு எதிரெதிர் பங்க தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக் கொறைக்கணும்.

தண்ணிக்கு இவ்வளவு பாடு இல்ல. கெணத்துல கயிறு விட்டு மே மாசமும் ஜனவரியும் அளந்து எழுதி வச்சாப் போதும், ஆனா மே மாசத்த மே மாசத்தோட தான் ஒப்பிடணும், ஐப்பசி, கார்த்திகை மழைக்கப்புறம் மட்டம் ஏறுனத பாத்து ஏமாந்துறக் கூடாது.

கார்பன் மெதுவா தான் மாறும், ரெண்டு மூணு வருசமாவது ஆகும். அதனால மண்ண வளப்படுத்த கண்மாய் கரம்பை (வண்டல் மண்ணு) அடிக்கப் போறவங்க, பசுந்தாள் உரத்துக்குக் கொளுஞ்சி வெதைக்கப் போறவங்க, அதுக்கு முன்னாடியே ஒரு சாம்பிள் குடுத்து ரிசல்ட்ட பத்திரமா வச்சுக்கங்க, பின்னாடி ஒப்பிட அது ஒண்ணு தான் இருக்கும்.