அந்தச் சின்ன அட்டையில் யார் பெயர் இல்லை?

கலை அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் ஒரு படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எடுத்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது, அதில் சராசரி 27 விநாடி. பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு கூடங்களைச் சுற்றிக் காட்டுவது என் தொழில், நான் பார்ப்பதும் ஏறக்குறைய அதுதான். அந்தக் கொஞ்ச நேரத்திலும் பலருடைய கண் முதலில் போவது பக்கத்துச் சுவரில் இருக்கும் விளக்க அட்டைக்கு. அதைப் படித்துவிட்டு, படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஆக, அந்த அட்டையில் நாங்கள் எழுதுவதைத்தான் வரலாறு என்று எடுத்துக்கொண்டு பலர் வீட்டுக்குப் போகிறார்கள். அதனால் கேட்கிறேன்: அட்டையைப் படியுங்கள், ஆனால் அதில் என்ன இல்லை என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

வழக்கமான அட்டையில் வரைந்தவர் பெயர், ஆண்டு, எண்ணெய் வண்ணமா நீர்வண்ணமா, யார் நன்கொடை கொடுத்தது, இவ்வளவுதான் இருக்கும். எல்லாம் உண்மைதான். படத்தில் இருப்பவருக்குப் பட்டு உடுத்தப் பணம் எங்கிருந்து வந்தது, ஓரத்தில் தட்டு ஏந்தி நிற்கிற வேலைக்காரப் பெண் யார், இந்தச் சிலை யார் வீட்டிலிருந்து எப்படி இங்கே வந்தது, இதெல்லாம் பெரும்பாலும் இருக்காது.

இதை யாரையும் விட நறுக்கென்று காட்டியவர் ஃப்ரெட் வில்சன் என்ற அமெரிக்கக் கலைஞர். 1992இல் பால்டிமோரில் உள்ள மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் அவர் ஒரு கண்காட்சி வைத்தார். வெளியிலிருந்து ஒன்றையும் கொண்டுவந்து குவிக்கவில்லை, அந்த அருங்காட்சியகத்தின் கிடங்கிலேயே கிடந்தவற்றை எடுத்து இடம் மாற்றி வைத்தார், அவ்வளவுதான். ஒரு கண்ணாடிப் பெட்டியில் அலங்கார வேலைப்பாடுள்ள வெள்ளிப் பாத்திரங்கள், அவற்றுக்கு நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு, அட்டையில் 'உலோக வேலை, 1793–1880' என்று மட்டும். இரண்டுமே உலோகம், இரண்டுமே ஒரே மண்ணில் ஒரே காலத்தில் புழங்கியவை. இன்னோர் இடத்தில் சொகுசு நாற்காலிகளைச் சவுக்கடிக் கம்பத்தைப் பார்த்தபடி போட்டு வைத்தார். இன்னோர் இடத்தில் வெறும் பீடங்கள் மூன்று, அவற்றில் ஹாரியட் டப்மன், ஃப்ரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பேனக்கர் என்று பெயர் மட்டும். மூவருமே மேரிலாண்ட் மாநிலத்தில் பிறந்து புகழ்பெற்ற கறுப்பினத்தவர்கள், மேலே வைக்கச் சிலை இல்லை. பக்கத்தில் நெப்போலியனுக்குச் சிலை இருந்தது! அந்த மாநிலத்தோடு அவருக்கு என்ன சம்பந்தம் என்று யாராக இருந்தாலும் கேட்கத் தோன்றும்.

அப்புறம் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். 1634இல் மார்ட்டன், ஓப்யன் என்ற தம்பதியை ஆளுயரத்துக்கு இரண்டு படங்களாக வரைந்தார், 2016இல் நெதர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து 16 கோடி யூரோ கொடுத்து அவற்றை வாங்கின. கறுப்புப் பட்டும் வெள்ளை லேஸும் அப்படி ஒரு நுணுக்கம். மார்ட்டனின் அப்பா ஆம்ஸ்டர்டாமில் சர்க்கரை சுத்திகரிக்கும் தொழில் செய்தவர், அந்தச் சர்க்கரை பிரேசில் தோட்டங்களில் அடிமைகள் பாடுபட்டு விளைவித்த கரும்பிலிருந்து வந்தது. 2021இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகம் அடிமைமுறை பற்றி நடத்திய கண்காட்சியில் ஓப்யனின் கதையை இந்தக் கோணத்தில்தான் சொன்னார்கள். கலையைக் கலையாகப் பார்க்க விடுங்கள், எதற்கு இந்த அரசியல் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடுவதில்லை. ஆனால் கரும்புத் தோட்டத்தைத் தெரிந்துகொண்டதால் அந்த லேஸின் அழகு ஓர் இழைகூடக் குறையவில்லை என்பதுதான் என் அனுபவம். தெரிந்த பிறகு இன்னும் அதிக நேரம் நிற்கிறார்கள்.

சில சமயம் ஒரு பெயரைத் திருப்பிக் கொடுப்பதே பெரிய காரியம். 1800இல் மரி-கியெமின் பெனுவா என்ற பிரெஞ்சு ஓவியர் ஒரு கறுப்பினப் பெண்ணை வரைந்தார், பிரான்ஸ் அடிமைமுறையை முதல் தடவை ஒழித்து ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது, இரண்டே ஆண்டில் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் படத்தின் தலைப்பில் அவளுடைய இனம் இருந்தது, பெயர் இல்லை. 2019இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தபோது 'மாடலேனின் உருவப்படம்' என்று எழுதியது. குவாதலூப் தீவிலிருந்து வந்த பெண், பெயர் மாடலேன். ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, பார்க்கிறவர்களுக்கு எதிரே இப்போது ஒரு மனுஷி இருக்கிறாள்.

பெயரோடு முடியாத விஷயமும் உண்டு. இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரத்தை 1897இல் பிரிட்டிஷ் படை தாக்கி, அரண்மனையிலிருந்து ஆயிரக்கணக்கான பித்தளை, தந்தக் கலைப்பொருட்களை அள்ளிக்கொண்டு போனது, அவை விற்கப்பட்டு ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் சிதறின. 'பெனின், பித்தளை, 16ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதிவிட்டு, கொள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் காட்டினால் அது மறைப்பதுதான், நான் அதற்கு வேறு பெயர் சொல்ல மாட்டேன். 2022இல் ஜெர்மனி தன்னிடம் இருந்தவற்றின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் செய்தது, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் 29 பொருட்களைக் கொடுத்தது. இதெல்லாம் கேள்வி கேட்டவர்களால் நடந்தது.

சரி, இதற்கெல்லாம் சுவர் முழுக்கப் பத்தி பத்தியாக எழுதி வைத்தால் போதுமா? போதாது. நீளமான பலகையை யாரும் படிப்பதில்லை, படித்தாலும் பாடம் எடுப்பதுபோல இருந்தால் மனம் மூடிக்கொள்கிறது. எனக்குக் கைகொடுப்பது கேள்விதான். ஃபிலிப் யெனவைன், அபிகெயில் ஹௌசன் என்ற இருவர் வகுத்த முறை ஒன்று உண்டு, மூன்றே கேள்வி: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? வேறென்ன தெரிகிறது? இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. 'அவர் நல்லவர் மாதிரி தெரிகிறார்' என்று ஒருவர் சொல்வார், எதைப் பார்த்து என்று கேட்டால் உடை, நிறம், நிற்கிற தோரணை என்று அடுக்கிக்கொண்டே வந்து, தான் எதை வைத்து மனிதர்களை எடைபோடுகிறோம் என்பது அவருக்கே புலப்பட்டுப் பாதியில் நிறுத்துவார். அந்த இடத்தில் நான் குறுக்கே பேசுவதில்லை.

யார் விளக்குகிறார்கள் என்பதும் முக்கியம். பெர்லினில் 2015இல் முல்தகா என்றொரு திட்டம் தொடங்கியது, சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அகதிகளாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே அருங்காட்சியக வழிகாட்டிகளாக ஆக்கினார்கள். தங்கள் மண்ணிலிருந்து வந்த பொருளைத் தங்கள் மொழியில், தங்களைப் போலவே வந்து சேர்ந்தவர்களுக்கு விளக்குகிறார்கள். எங்கள் தொழிலில் நான் மிகவும் மதிக்கிற முயற்சி இது.

அடுத்த தடவை போகும்போது பத்துக் கூடத்தையும் முடித்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். இரண்டு மூன்று பொருட்களைத் தேர்ந்தெடுத்து நில்லுங்கள். முதலில் படம், பிறகு அட்டை. பல அருங்காட்சியகங்கள் தங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு பொருளும் யார் யார் கை மாறி வந்தது என்று போட்டிருக்கின்றன, அதைப் பாருங்கள். ஐரோப்பாவில் இருந்த படம் என்றால் 1933க்கும் 1945க்கும் நடுவில் யாரிடம் இருந்தது என்பதைக் குறிப்பாகப் பாருங்கள், நாஜிகள் யூதர்களிடமிருந்து பறித்த படங்கள் இன்னும் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. விடுபட்டது ஏதாவது கண்ணில் பட்டால் எங்களிடம் கேளுங்கள், கேட்கத் தயக்கமாக இருந்தால் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதுங்கள். உங்கள் பெயர்கூட வேண்டாம், எந்தக் கூடம், எந்தப் படம் என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள், அப்போதுதான் எங்களால் அந்த அட்டையைத் தேடி எடுக்க முடியும்.