டிராக்டர் விற்ற பணம் எங்கே போனது?

காவிரி டெல்டாவில் டிராக்டர் டீலர்கள் சிலருக்குக் கணக்குப் பார்க்கும் பட்டயக் கணக்காளன் நான். பணமில்லை என்று டீலர் என்னைத் தேடி வருவது வியாபாரம் படுத்துக் கிடக்கும் மாதத்தில் அல்ல. நன்றாக விற்று முடித்த மறுவாரத்தில்தான் வருவார். "போன மாதம் பதினெட்டு வண்டி போயிருக்கிறது சார். ஆனால் பையன்களுக்குச் சம்பளம் போட முடியவில்லை." இதே புலம்பலை வேறு வேறு வாயால் கேட்டிருக்கிறேன்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம். டீலர் வண்டிகளை வங்கிக் கடனில்தான் எடுத்து நிறுத்துவார், விற்றதும் அந்தக் கடனை அடைக்க வேண்டும். வங்கியிலிருந்து ஸ்டாக் தணிக்கைக்கு வந்தவர் யார்டில் குனிந்து ஒவ்வொரு வண்டியின் சேசிஸ் எண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மாதாந்திர ஸ்டாக் அறிக்கையில் பத்தொன்பது வண்டி. யார்டில் பதினான்கு. ஐந்தும் விற்றாகிவிட்டது, அதில் குற்றமில்லை. விற்ற பணம் கடன் கணக்குக்குத் திரும்பவில்லை என்பதுதான் சிக்கல். வங்கியின் பார்வையில் அது நம்பிக்கை மோசடி. டீலரின் பார்வையில் வாடிக்கையாளருக்குச் செய்த உதவி. அவர் ஒரு ரூபாயைக்கூட வீணாக்கவில்லை என்பதுதான் வேதனை.

பணம் போன வழி இதுதான். எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு நிதி நிறுவனம் ஆறு லட்சம் கடன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவும் காகிதமெல்லாம் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். மீதி இரண்டு லட்சம் விவசாயியின் முன்பணம். அவர் கையில் இருப்பது அறுபதாயிரம். பழைய டிராக்டரைத் தொண்ணூறாயிரத்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்கிறார் டீலர். மிச்சம் ஐம்பதாயிரம், "அறுப்பு முடிந்ததும் தருகிறேன்" என்ற வாய்ச்சொல். பில் போட்டாகிவிட்டது. வாங்கியவர் முழுப் பணம் தந்தாலும் தராவிட்டாலும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கை முடித்தாக வேண்டும். ஒரு வண்டியில் அவர் வெளியே விட்ட தொகை அதில் நிற்கும் லாபத்தைவிடப் பெரிது. அப்படிப் பதினெட்டு வண்டி போனால் அந்த மாதம் ஏன் வறண்டது என்று வியப்பதற்கு என்ன இருக்கிறது? யார்டின் பின்பக்கம் புல் முளைத்து நிற்கும் பழைய வண்டிகளைத்தான் நான் முதலில் போய்ப் பார்ப்பேன். அங்கே நிற்பதுதான் அவருடைய சம்பளப் பணம்.

"அறுப்பு முடிந்ததும்" என்பவர் பொய் சொல்லவில்லை. குறுவை அறுக்கும்போதே மழை பிடித்துக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வழக்கமாக எடுக்கமாட்டார்கள். நெல் சாலையோரத்தில் குவிந்து கிடக்கும், சில சமயம் சாக்கும் இருக்காது. ஒருவழியாகப் பணம் வங்கியில் ஏறினால் முதலில் பயிர்க்கடன், அடுத்து நகைக்கடன். டீலரின் கைக்கடனுக்குச் சீட்டும் கிடையாது, வட்டியும் கிடையாது. கடைசியில்தான் அதன் முறை வரும், அதற்குள் சம்பா விதைப்புச் செலவு வந்துவிடும்.

இதற்கு மேல் காவிரி வேறு. மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2023இல் அன்றே திறந்தார்கள், ஆனால் அக்டோபர் 10ஆம் தேதியே மூட வேண்டியதாயிற்று. 2024இல் ஜூலை 28 வரை திறக்கவே இல்லை. உற்பத்தி நிறுவனத்தின் நாட்காட்டிக்கு இதெல்லாம் தெரியாது. அதற்கு மார்ச் இருக்கிறது, செப்டம்பர் இருக்கிறது, இலக்கு இருக்கிறது. மாதக் கடைசியில் பகுதி அதிகாரி வந்து உட்கார்ந்து, "இன்னும் பத்து வண்டிக்குப் பில் எடுத்தால் ஸ்கீம் கிடைக்கும்" என்பார். ஸ்கீம் என்றால் இலக்கைத் தொட்டால் கிடைக்கும் ஊக்கத்தொகை. மார்ச்சில் ஆசைப்பட்டு எடுக்கும் இருபது வண்டி தண்ணீர் வரும்வரை நான்கு மாதம் நின்றால் என்ன ஆகும்? எட்டு லட்சம் வீதம் ஒரு கோடியே அறுபது லட்சம். பத்து சதவீத வட்டியில் ஐந்து லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். ஸ்கீமில் கிடைப்பதை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பேன். பெரும்பாலும் பார்ப்பதில்லை. பக்கத்து ஊர் டீலர் முந்திவிடுவார் என்ற பயம்.

2025இல் இன்னொரு பாடம். ஜிஎஸ்டி குறையப் போகிறது என்று ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12 சதவீதம் 5 ஆனது. ஏழு லட்சம் அடிப்படை விலையுள்ள வண்டியில் 49,000 ரூபாய் குறையும் என்றால் இடைப்பட்ட ஐந்து வாரத்தில் யார் வாங்குவார்? அதைவிடக் குத்தியது, 12 கட்டி எடுத்த ஸ்டாக்கை 5க்கு விற்றது. வித்தியாசம், ஏற்கெனவே கட்டிய வரிக்கான வரவாக ஜிஎஸ்டி போர்ட்டலில் நின்றது. அடுத்தடுத்த விற்பனையின் வரியில்தான் மெல்லக் கழியும். சொத்துக் கணக்கில் அழகாகத் தெரியும் அந்தத் தொகையால் கரண்ட் பில் கட்ட முடியாது.

கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம்), டிரெய்லர் போன்றவற்றைச் சிறு பட்டறைகளிடம் கடனுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உத்யம் என்னும் அரசுப் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் போக வேண்டும். கெடு தாண்டிய தொகை மார்ச் 31இல் பாக்கி நின்றால் அந்த ஆண்டு அதைச் செலவாகக் கழிக்க முடியாது. 2023-24 முதல் இதுதான் விதி. பட்டறைக்காரரை இழுத்தடித்துச் சமாளிப்பது இனிச் சாமர்த்தியமல்ல.

அந்தப் பத்தொன்பது வண்டிக்காரர் மனைவியின் நகையை வைத்து ஐந்து வண்டியின் அசலைக் கட்டினார். அதன்பிறகு நாங்கள் மூன்றே மாற்றங்கள் செய்தோம். நிதி நிறுவனப் பணம் எதுவானாலும் நேராகக் கடன் கணக்கில்தான் இறங்கும். சம்பளமும் வாடகையும் சர்வீஸ், உதிரிபாக வருமானத்திலிருந்து மட்டும் போகும். இதற்காகவே மே மாதத்திலும் நவம்பரிலும் கிராமங்களில் வண்டி சோதனை முகாம் போடுகிறார், தை அறுவடைக்கு முன்பே பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரங்களின் உதிரிபாக ஆர்டரைப் பிடிக்கிறார். மாற்று வண்டி அறுபது நாளில் போகாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். மூன்றாவதுதான் அவருக்கு மிகக் கசந்தது. "நஷ்டத்துக்கு விற்கச் சொல்கிறீர்களே" என்று ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

இப்போது அவர் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஒரு பத்தியில் வண்டி வெளியே போன நாள், எதிரே கடைசி ரூபாய் உள்ளே வந்த நாள். பக்கத்தின் தலையில் அன்றைய மேட்டூர் நீர்மட்டம், செய்தித்தாளிலிருந்து. போன முறை பகுதி அதிகாரி பத்து வண்டிக்கு உட்கார்ந்தபோது, அவர் நோட்டைத் திருப்பி வைத்து, "இந்த இருபத்து மூன்று வரியில் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது, சார். இது நிரம்பட்டும்" என்றாராம். நான்கு வண்டிக்கு மட்டும் பில் போட்டுக்கொண்டு போனார் அதிகாரி.