பாண்டாவை எத்தனை நேரம் கையில் வைத்திருந்தீர்கள்?

"அந்தப் பாண்டா முகச் சோற்று உருண்டைகளைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டேன். "முக்கால் மணி நேரம் ஆச்சுக்கா, ஒரு காது மட்டும் விழுந்துக்கிட்டே இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. அவர் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி இருந்தது. காலை 6 மணிக்குச் செய்து, ஆவி அடங்கும் முன்பே மூடி, பைக்குள் வைத்து அனுப்பிய டப்பா அது. பையன் 12 மணிக்குப் பூங்காவில் திறந்து ஆசையாகச் சாப்பிட்டிருக்கிறான், 3 மணிக்கெல்லாம் வாந்தி. மறுநாளே சரியாகி ஓட ஆரம்பித்துவிட்டான். பரிசோதனை எதுவும் செய்யாததால் பாண்டாதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அன்று நடந்த ஒவ்வொன்றும் இங்கே ஜூன் மாத மழைக்காலத்தில் செய்யக்கூடாதவை.

நான் டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம், நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதியில், ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஊட்டச்சத்து நிபுணராக இருக்கிறேன். மற்ற நாட்களில் சாப்பாடு எங்கள் சமையலறையிலேயே தயாராகும், என்சொகு எனப்படும் சுற்றுலா நாளில் மட்டும் வீட்டிலிருந்து பெந்தோ எனப்படும் சாப்பாட்டு டப்பா வரவேண்டும். உடனே பதற்றம் தொற்றிக்கொள்ளும். பக்கத்துக் குழந்தையின் டப்பாவில் கரடி தூங்கும், முயல் சிரிக்கும், நம் பிள்ளை மட்டும் வெறும் சோற்றைத் திறந்து பார்த்து முகம் வாடிவிடக்கூடாதே என்று இரவெல்லாம் போனில் க்யாராபென் எனப்படும், சோற்றையும் காயையும் விலங்கு முகங்களாக்கிய பெந்தோக்களின் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தப் படங்களில் தெரியாத ஒன்று உண்டு: முகம் எவ்வளவு அழகாக வருகிறதோ, அவ்வளவு நேரம் அந்தச் சோறு யாரோ ஒருவர் விரலில் இருந்திருக்கிறது.

ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஆரோக்கியமானவர்களின் மூக்கிலும் தோலிலும்கூட இருக்கும், வெட்டுக்காயத்தில் இன்னும் அதிகம். கையிலிருந்து வெதுவெதுப்பான சோற்றுக்குப் போனால் அங்கே பெருகி நஞ்சை விடுகிறது, அந்த நஞ்சு 100 டிகிரியில் அரை மணி நேரம் கொதித்தாலும் முழுதாக அழியாது. அதனால் மைக்ரோவேவில் சூடாக்கிக் கொடுத்தால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். இன்னொன்று பேசில்லஸ் செரியஸ். இது அரிசியோடே வருவது, இதன் வித்துகள் குக்கரின் கொதிப்பையும் தாங்கும், சமைத்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும்.

"ஆனா ஜப்பான் பாட்டிகள் உப்புக் கையாலதானே பிடிக்கிறாங்க?" என்று கேட்பார்கள். உண்மைதான், சோற்று உருண்டைக்கு இங்கே சொல்லும் ஓனிகிரி என்ற பெயரே கையால் பிடிப்பதைக் குறிக்கும் நிகிரு என்ற சொல்லிலிருந்து வந்தது. இஷிகாவா மாவட்டத்தில் 1987-ல் தோண்டியபோது சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய யாயோய் காலத்துக் கருகிய சோற்றுக் கட்டியே கிடைத்திருக்கிறது, அவ்வளவு பழைய பழக்கம். வீட்டில் பிடித்துச் சுடச்சுடச் சாப்பிடுவதற்கு நானும் தடை சொல்லமாட்டேன். 6 மணி நேரம் பையில் கிடக்கப்போகிற உருண்டை வேறு விஷயம்.

அதற்கு நான் சொல்லித்தருவது இதுதான். ஜப்பானியக் குட்டை அரிசியை வாங்குங்கள், பொன்னியும் பாஸ்மதியும் உதிர்ந்துதான் போகும், உதிர்வதை ஒட்டவைக்க மேலும் மேலும் அழுத்துவோம். கிண்ணத்தில் ராப் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, உப்பைத் தூவி, 100 கிராம் சூடான சோற்றைக் கரண்டியால் போட்டு (சிறுவர்களுக்கு அதில் பாதி போதும்), தாளோடு சேர்த்து நாலைந்து முறை அழுத்தினால் முக்கோணம் வந்துவிடும், கை படவே வேண்டாம். அப்புறம் தாளைப் பிரித்து, நன்றாக ஆறவிட்டு, புதுத் தாளில் சுற்றுங்கள். இந்த ஆறவிடுதலைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் நீர் கோத்துச் சோற்றில் சொட்டும், கிருமிக்கு அந்த ஈரமும் சூடும்தான் வேண்டும். தட்டில் பரப்பி விசிறியால் விசிறுங்கள், முட்டைப் பொரியலும் காயும்கூட ஆறியபிறகே டப்பாவுக்குள் போகவேண்டும், மேலே ஒரு சின்ன ஐஸ் பொதி.

உமேபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புக் காய் ஊறுகாயை நடுவில் வைத்தால் கெடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதன் புளிப்பும் உப்பும் தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும், அதனால் நறுக்கிச் சோறு முழுக்கக் கலக்கவேண்டும். நம் கட்டுச்சோற்றில் புளிக்காய்ச்சலை ஒவ்வொரு பருக்கையிலும் படக் கிளறுகிறோமே, அதே விஷயம்தான்.

கிருமியைவிட எனக்குப் பயம் தருவது உருண்டை வடிவம். செர்ரி தக்காளி, காடை முட்டை, திராட்சை, சீஸ் உருண்டை, சாசேஜ் என்று பெந்தோவை அழகாக்கும் பொருட்கள் பாதிக்குமேல் சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவிலேயே இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் ஃபுகுவோகா மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் வந்த காடை முட்டை தொண்டையில் சிக்கி ஒன்றாம் வகுப்புச் சிறுவன் இறந்துபோனான். பற்கள் விழுந்து முளைக்கும் வயது அது. தக்காளியையும் திராட்சையையும் நான்காகக் கீறுங்கள். காடை முட்டையில் கண் வைத்துக் கோழிக்குஞ்சு செய்யும் ஆசையை விட்டுவிடுங்கள், இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். சாசேஜை ஆக்டோபஸ் போல ஆக்கக் கால் கால்களாக வெட்டினாலும் தலை உருண்டையாகவே நிற்கும், சின்னவர்களுக்கு நீளவாக்கில் பிளந்து கொடுங்கள். நோரி என்ற கடற்பாசித் தாளை முழுதாகச் சுற்றினால் கடிபடாமல் தொண்டையில் ஒட்டும், கிழித்துத் துண்டுகளாக ஒட்டலாம். நம்மவர்கள் எலுமிச்சைச் சோற்றை உருண்டையாக்கி அனுப்பும்போது வேர்க்கடலை இருக்கிறதா என்று நான் தேடிப் பார்ப்பேன். 5 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குக் கடினமான கடலை, கொட்டை வகைகள் கொடுக்கவேண்டாம் என்று இங்குள்ள நுகர்வோர் முகமையே எச்சரிக்கிறது.

அந்த அம்மா அக்டோபர் சுற்றுலாவுக்கு முன்னால் டப்பாவோடு என்னிடம் வந்தார். உள்ளே இரண்டு வெறும் முக்கோணங்கள், கீறிய தக்காளி, நன்றாக வெந்த முட்டைப் பொரியல், கொஞ்சம் பூசணி. முகம்? அது சோற்றில் இல்லை. 100 யென் கடையில் கண்ணும் வாயும் அச்சிட்ட ராப் வாங்கி அதில் சுற்றியிருந்தார். "பாண்டா இல்ல, பூனைதான் கிடைச்சுது, ஒத்துக்கிட்டான்கா" என்றார்.