இன்ஃபார்ம்ட் கன்சென்ட்: அறிந்து தரும் ஒப்புதல்

மருத்துவ ஆய்வுக்கோ சிகிச்சைக்கோ உட்படும் ஒருவர், தம் உடலில் என்ன செய்யப்போகிறார்கள், அதனால் என்ன தீங்கு நேரலாம், மறுத்தால் வேறு வழி என்ன என்பதை விளங்கிக்கொண்டு, வற்புறுத்தல் இன்றித் தரும் சம்மதமே இன்ஃபார்ம்ட் கன்சென்ட். ஆய்விலிருந்து பாதியில் விலகும் உரிமையும் இதில் அடக்கம்.

கன்சென்ட் என்பதன் லத்தீன் வேர் ‘உடன் உணர்தல்’ என்று பொருள்படும். இன்ஃபார்ம்ட் கன்சென்ட் என்ற இரட்டைச் சொல் 1957இல் கலிபோர்னியா நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இடம்பெற்றுப் பரவியது. ரத்தநாளப் பரிசோதனைக்குப் பின் கால்கள் செயலிழந்த நோயாளி தொடுத்த வழக்கு அது. கருத்து அதைவிடப் பழையது. விளக்கம் சொல்லி ஒப்புதல் பெறாமல் ஆய்வு செய்யக்கூடாது என்று பிரஷ்ய அரசு 1900இலேயே ஆணையிட்டது. 1931இல் ஜெர்மனி இன்னும் விரிவான விதிகளை வகுத்தது. அவை ஏட்டில் இருக்கும்போதேதான் நாஜிகளின் டாஹௌ வதைமுகாமில் கைதிகளைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்திச் சோதித்தார்கள். நாஜி மருத்துவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் 1947இல் வகுத்த பத்து நெறிகளில் முதலாவது, பங்கேற்பவரின் தன்விருப்ப ஒப்புதல் இன்றியமையாதது என்பது.

ஆனால் ஒப்புதல் மட்டும் போதுமா? அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை நடந்த டஸ்கிகீ ஆய்வைப் பாருங்கள். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயுற்ற 399 கறுப்பின ஆண்களும், ஒப்பீட்டுக்காக நோயற்ற 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் தாமாகத்தான் வந்தார்கள். ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டுமே அவர்களிடம் சொல்லப்பட்டது. ஆய்வுக்காக முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்ததைக்கூடச் ‘சிறப்பு இலவச சிகிச்சை’ என்று கடிதம் எழுதி அழைத்தார்கள். அந்நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் கைக்கு வந்த பிறகும், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காக, அதைத் தராமல் வைத்திருந்தார்கள். சரி என்று தலையாட்டியவர்களுக்கு எதற்குத் தலையாட்டினோம் என்பதே தெரியாது. இதை ஒப்புதல் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் தமிழில் ‘அறிந்து’ என்ற சொல்லை விடவே கூடாது. ‘தகவல் ஒப்புதல்’ என்றால் தாளை நீட்டினாலே கடமை முடிந்தது போலாகிறது. ‘அறிவுசார்’ என்பதோ அறிவுசார் சொத்துரிமையில் வேறு பொருளில் ஊன்றிவிட்டது. ‘சம்மதம்’ பேச்சில் எளிது. என்றாலும் மௌனமே சம்மதம் என்ற பழக்கம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் அது ஆபத்து. ‘அறிந்து தரும் ஒப்புதல்’ சற்று நீளம்தான். இருக்கட்டும்.

‘இசைவு’ என்ற நல்ல சொல்லைக் குழந்தைகளுக்கென ஒதுக்கலாம். நியூயார்க்கின் வில்லோபுரூக்கில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே கல்லீரல் அழற்சி நோயைத் தொற்றவைத்தபோது பெற்றோரின் கையெழுத்து இருந்தது. இன்று பெற்றோர் தருவது ஒப்புதல். விவரம் தெரிந்த வயதுக் குழந்தையிடம் தனியே கேட்டுப் பெறும் ‘அசென்ட்’ என்பதே இசைவு.