ஜாப் கேன்சல் பண்ண ஆபரேஷன்ஸ் எதற்கு?

பேட்ச்சில் ஒரு ஜாப் தொங்கி நிற்கிறது, டெவலப்பருக்கு அதை கேன்சல் பண்ண உரிமை வேண்டும். ஐபிஎம் மெயின்ஃப்ரேம் உள்ள இடங்களில் ஓயாமல் வரும் டிக்கெட் இது. உடனே அவர் ஐடியில் ஆபரேஷன்ஸ் என்ற உரிமையைப் போட்டு டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். எத்தனை தடவைதான் சொல்வது?

மெயின்ஃப்ரேமில் யாருக்கு என்ன உரிமை என்று பார்க்கும் ராக்எஃப்பில் இருக்கும் ஆபரேஷன்ஸுக்கும், கமாண்ட் அடிக்கும் கன்சோல் ஆபரேட்டருக்கும் சம்பந்தமே இல்லை, பெயர்தான் ஏமாற்றுகிறது. அது டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் கோப்பு), டேப், டிஸ்க் வால்யூம் மீதான அதிகாரம். ஆக்சஸ் லிஸ்ட்டில் அந்த ஐடியையோ அதன் குரூப்பையோ குறைந்த உரிமையோடு எழுதி வைத்திருந்தாலொழிய, எந்த டேட்டாசெட்டையும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். சம்பளக் கோப்பும் அதில் சேர்த்தி, ஏபிஎஃப் லைப்ரரியும் (சிஸ்டம் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம்கள் இருக்கும் இடம்) சேர்த்தி. ஏபிஎஃப்பில் எழுத முடிந்தவர் ராக்எஃப்பையே சுற்றிக்கொண்டு போய்விடலாம். கேன்சல் கமாண்டைச் சோதிப்பதோ ராக்எஃப்பின் ஆப்பர்கமாண்ட்ஸ் கிளாஸ் (ஆபரேட்டர் கமாண்டுகளுக்கான விதித் தொகுப்பு). ஆபரேஷன்ஸ் அங்கே செல்லாது. கேட்ட உரிமை கிடைக்கவில்லை, கேட்காத எல்லாம் கிடைத்துவிட்டது! "இன்னும் வேலை செய்யலையே" என்று அடுத்து ராக்எஃப்பையே நிர்வகிக்கும் ஸ்பெஷலைக் கொடுப்பார்கள். அது இருந்தால் வேண்டிய உரிமையை அவரே தனக்கு எழுதிக்கொள்ளலாம்.

ராக்எஃப் மறுக்கும்போது வரும் ஐசிஎச்408ஐ மெசேஜை முழுதாகப் படியுங்கள், தயவுசெய்து. எந்த ரிசோர்ஸ், எந்த கிளாஸ், கேட்டது அப்டேட், இருப்பது நன் (ஒன்றுமில்லை) என்று அதிலேயே இருக்கிறது.

ஜாப்களைப் பார்க்கும் எஸ்டிஎஸ்எஃப் திரையில் ஜாப்புக்கு எதிரே 'சி' போட, ஆப்பர்கமாண்ட்ஸில் ஜெஸ்2.கேன்சல்.பேட்டுக்கு (பேட்ச் ஜாப்பை கேன்சல் செய்வதற்கான விதி) அப்டேட் வேண்டும். அடுத்தவர் ஜாப் என்றால் ஜாப்களையும் அவற்றின் வெளியீட்டையும் காக்கும் ஜெஸ்ஸ்பூல் கிளாஸில் ஆல்ட்டரும் வேண்டும். தனி ஐடிக்குக் கொடுக்காமல் குரூப்புக்குக் கொடுங்கள், அதையும் எஸ்டிஎஸ்எஃப் வழியாக வந்தால் மட்டும் செல்லும் என்ற கன்சோல் நிபந்தனையோடு. அதற்கு கன்சோல் கிளாஸ் ஆக்டிவாக இருக்க வேண்டும். எஸ்டிஎஸ்எஃப்பின் ஐஎஸ்எஃப்ஆப்பர்.சிஸ்டம் உரிமை மட்டும் கூடவே கூடாது. அது இருந்தால் ஸ்லாஷ் போட்டு கமாண்டைக் கையாலேயே அடிக்கலாம். கடைசியில் செட்ராப்ட்ஸ் கமாண்டில் ஆப்பர்கமாண்ட்ஸை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். இதை மறந்துவிட்டு "பெர்மிட் எடுபடவில்லை" என்று மேலே மேலே உரிமை ஏற்றியவர்கள் ஏராளம்.

"நம்பிக்கையான பையன்" என்பது பதிலே இல்லை. அவர் பாஸ்வேர்டைத் திருடியவனுக்கும் அதே உரிமைதான்.

ஏற்கெனவே கொடுத்தாயிற்றா? ராக்எஃப்பின் டிஎஸ்மான் அறிக்கையில் யார் யாரிடம் ஸ்பெஷல், ஆபரேஷன்ஸ் இருக்கிறது என்று வந்துவிடும். பார்த்ததும் ஆபரேஷன்ஸைப் பிடுங்காதீர்கள், அதை நம்பி ஏதாவது மாதக் கடைசி ஜாப் ஓடிக்கொண்டிருக்கும். ஆபரேஷன்ஸால் கிடைத்த அணுகலைப் பதிவு செய்யும் ஆப்பர்ஆடிட்டைப் போட்டு ஒரு மாதச் சுற்று முழுதும் எஸ்எம்எஃப் 80 ரெக்கார்டுகளைப் (ராக்எஃப்பின் பதிவுகள்) பாருங்கள். நிஜமாகத் தொட்ட டேட்டாசெட்டுகளுக்கு மட்டும் பெர்மிட் எழுதிவிட்டு, அப்புறம் எடுங்கள்.